சமையலறை இல்லாத ஊர்

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் இங்கிலாந்தில் இருபது வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். லீவில் வந்தவன், ‘வாடா, உனக்கு ஒண்ணு காட்டறேன்’ என்று கூப்பிட்டான். புது கேமராவாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். டைனிங் டேபிள் மேல் ஒரு ஊரே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு மண் வீடுகள். தட்டையான மொட்டை மாடி, சுற்றிக் கைப்பிடிச் சுவர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள். அங்கங்கே பூச்சு உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. வெயிலில் வெந்துபோன நிறம். அசந்துவிட்டேன். ஒவ்வொரு வீடும் உள்ளங்கையில் அடங்கும். கூரையை மூடி மாதிரி கழற்றலாம். கழற்றி, உள்ளே சுண்டுவிரல் பாதி உயரமுள்ள சிப்பாய்களை நிறுத்தலாம்.

இதற்கு மேஜைப் போர் விளையாட்டு என்று பெயர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கு ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆறடிக்கு நாலடி மேஜை, டேப், பகடைக்காய், தடிமனான விதிப் புத்தகம். பழைய சண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு இருவர் எதிரெதிரே நின்று மறுபடி நடத்துவார்கள். நெப்போலியன் தோற்ற இடத்தில் நம்மாள் ஜெயித்துவிடலாம்.

‘இது எந்த ஊர்டா?’ என்று கேட்டேன்.

‘எந்த ஊர் வேணுமோ அந்த ஊர்’ என்றான் பெருமையாக. ‘சிப்பாயை மாத்தினா போதும். இன்னிக்கு சூடான், நாளைக்கு மெக்ஸிகோ, அடுத்த வாரம் ஆப்கானிஸ்தான். ஈராக்குக்கும் இதான். வேற்றுக் கிரகத்துக்கும் இதான். ஒரே செலவு!’

கணக்குப்பிள்ளை சந்தோஷப்பட வேண்டிய பதில்தான். எனக்கு மட்டும் ஏனோ தொண்டையில் சிக்கியது. இரண்டு வாரமாக அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

*

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர் பொம்மைகளைத் தடை செய் என்று கொடி பிடிக்கும் கட்சி இல்லை நான். பொம்மைத் துப்பாக்கி பிடித்த பையன்கள் எல்லாரும் கொலைகாரர்கள் ஆகவில்லை. இந்த விளையாட்டுக்கு 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று விதிப் புத்தகம் எழுதியவர் வேறு யாருமில்லை, ஹெச்.ஜி.வெல்ஸ். தரையில் மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டி, ஈய சிப்பாய்களை ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டு விளையாடியவர். நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனம் என்பது இதை விளையாடினால் புரியும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்தது என்பது வேறு விஷயம்.

ஆக, விளையாடட்டும். என் சண்டை விளையாட்டோடு இல்லை, அந்த வீட்டோடு.

இந்த விளையாட்டுக்காரர்கள் எதையும் ஏனோதானோ என்று செய்கிறவர்கள் கிடையாது. ஒரு பிரெஞ்சு சிப்பாயின் கோட்டுக் காலர் எந்தச் சிவப்பு என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பட்டன் எத்தனை வரிசை, பெல்ட் குறுக்கே போகிறதா நேரே போகிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். 1885-ல் கார்ட்டூமில் கார்டன் செத்தபோது அவரைக் காப்பாற்றக் கிளம்பிய படையின் தொப்பி எப்படி இருந்தது என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

அதே கார்ட்டூமில் வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். ‘மண் வீடு’ என்பார்கள். இரண்டே வார்த்தை.

வந்தவனுக்கு பட்டன் வரை விவரம். இருந்தவனுக்கு ஒரு பெட்டி. எனக்கு உறுத்தியது இதுதான்.

*

மண் வீட்டுக்கு இங்கிலீஷில் ‘அடோபி’ என்கிறார்கள். அந்தச் சொல்லே ஒரு சரித்திரம். பழைய எகிப்தில் செங்கல்லுக்கு இருந்த பெயர் காப்டிக் மொழிக்குப் போய், அங்கிருந்து அரபிக்குப் போய், அரேபியர்கள் ஸ்பெயினை ஆண்டபோது ஸ்பானிஷுக்குப் போய், ஸ்பானியர்களோடு கப்பலேறி மெக்ஸிகோவுக்குப் போயிற்று. நியூ மெக்ஸிகோ பக்கம் அச்சில் போட்டு எடுக்கும் மண் கல்லும் அவர்களோடுதான் போனது. அதற்கு முன்பே அமெரிக்கப் பழங்குடியினர் குழைத்த மண்ணைக் கையால் அடுக்கடுக்காக ஏற்றிச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். நியூ மெக்ஸிகோவில் தாவோஸ் பியூப்ளோ என்ற ஊரில் அப்படி எழுந்த மாடி வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

சொல் ஒன்று என்பதால் வீடும் ஒன்றாகிவிடுமா?

ஏமனில் ஷிபாம் என்று ஓர் ஊர். சுடாத மண் கல்லை அடுக்கி ஏழு மாடி வரை கட்டியிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு நகரம். யுனெஸ்கோ 1982-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாலியில் ஜென்னே என்ற ஊரில் பிரம்மாண்டமான மண் மசூதி இருக்கிறது. இப்போதைய கட்டடம் 1907-ல் எழுந்தது. சுவரெல்லாம் பனங்கட்டைகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அலங்காரம் மட்டுமில்லை, பூச்சு வேலைக்கு ஏறி நிற்கும் சாரமும் அதுதான். வருடா வருடம் ஊரே கூடி மசூதிக்கு மண் பூசும். இளவட்டங்கள் கூடை கூடையாக மண் சுமப்பார்கள். பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள். அது ஒரு திருவிழா.

எகிப்தில் ஹஸன் ஃபாத்தி என்று ஒரு கட்டடக்கலை மேதை. 1940-களில் லக்ஸர் பக்கத்தில் நியூ குர்னா என்ற ஊரை மண்ணாலேயே கட்டினார். அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்களைத் தேடிப் பிடித்தார். அவர்களுக்கு, கீழே முட்டுக்கொடுக்காமலே மண் கல்லில் வளைவுக் கூரை போடத் தெரியும். மரம் கிடைக்காத ஊர்க்காரன் கண்டுபிடித்த வித்தை அது. அவ்வளவு அழகாகக் கட்டியும், யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பலர் குடிபோக மறுத்துவிட்டார்கள். பழைய ஊரோடு, அங்கிருந்த பிழைப்போடு ஒட்டிக்கொண்டார்கள். வீடு என்பது சுவர் மட்டும் இல்லை என்று மேதைக்கே பாடம்.

இத்தனையையும் ஒரே பெட்டியில் போட்டு, ‘பாலைவனக் கிராமம்’ என்று லேபிள் ஒட்டினால் எப்படி?

வேற்றுக் கிரகத்துக் கதையும் இதுதான். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பாலைவனக் கிரகத்தைத் துனீஷியாவில் படம் பிடித்தார்கள். கிரகத்தின் பெயரே அங்குள்ள ததாவின் என்ற ஊரின் பெயரை ஒட்டியது. ஒருவன் ஊர் இன்னொருவனுக்கு வேறு கிரகம்.

*

நண்பன் வீட்டு மண் வீட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று பொய்கள் தெரிந்தன.

முதல் பொய் ஜன்னல். நாலு பக்கமும் வெளியே பார்த்து ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஆப்கன் கிராமத்து வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் உயரமான மண் மதில்தான் தெரியும். வாசலில் விருந்தாளிக்கு ஓர் அறை. உள்ளே முற்றம், கிணறு, ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பு, ஆடு மாடு, குழந்தைகள். ஜன்னல்கள் முற்றத்தைப் பார்க்கும், தெருவைப் பார்க்காது. பொம்மை வீட்டில் முற்றமே இல்லை. ஜன்னல் மட்டும் வெளியே திறக்கிறது. ஏன்? துப்பாக்கியை நீட்ட வேண்டுமே! எட்டிப் பார்க்க வைத்த ஜன்னல் இல்லை, குறி பார்க்க வைத்தது.

நிஜத்தில் வெளியே பார்த்த துளைகள் உள்ள கட்டடமும் ஒன்று உண்டு. காந்தஹார் பக்கம் திராட்சை உலர்த்தும் மண் கொட்டகைகளின் சுவர்களில் வரிசையாக நீளத் துளைகள் இருக்கும். அவை காற்று வருவதற்காக வைத்தவை. திராட்சை கிஷ்மிஷ் ஆவதற்காக. போர் வந்தபின் அதே துளைகளில் துப்பாக்கி நுழைந்தது. அது அந்த ஊரின் துக்கம். பொம்மை செய்கிறவரோ துக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்.

இரண்டாவது பொய் விரிசல். எல்லா வீட்டிலும் பூச்சு உதிர்ந்து, கல் தெரிந்து, ‘பழசு’ காட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் பார்க்க ஜோராக இருக்கிறதாம். மண் வீட்டுக்குத் தண்ணீர்தான் சத்துரு. மழை முடிந்தால் பூச வேண்டும். வருடா வருடம் களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசுகிறவரை அந்த வீடு நிற்கும். பூசாமல் விட்டால் மண்ணாகவே திரும்பிப் போய்விடும். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், வருடாந்திரத் தேய்மானத்தைக் கைவேலையாகவே கட்டிவிடுகிற சொத்து அது. அதனால் பூச்சு உதிர்ந்த மண் வீடு என்றால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: பூச ஆள் இல்லை. மேஜை மேல் இருக்கும் ஊரில் எல்லா வீடும் அப்படி. அதாவது சண்டை ஆரம்பிக்கும் முன்பே ஊரைக் காலி செய்தாகிவிட்டது!

மூன்றாவது பொய் சுவரின் கனம். இதில் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. பொம்மைச் சிப்பாய் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ஒன்றுக்கு ஐம்பத்தாறு என்று விகிதம் வைக்கலாம். கடையில் கிடைக்கும் வெட்டுமர அட்டை வீட்டின் சுவர் மூன்று மில்லிமீட்டர். ஐம்பத்தாறால் பெருக்குங்கள். ஏழு அங்குலம்கூடத் தேறவில்லை. நம் ஃபிளாட்டுகளின் ஒன்பது அங்குலச் சுவரே அதைவிடக் கனம். நிஜ மண் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி. அந்தக் கனம்தான் பகல் வெயிலை உள்ளே விடாமல் பிடித்துவைத்து ராத்திரிக் குளிருக்கு மெதுவாகக் கொடுக்கும். அதுதான் அந்த வீட்டின் ஏ.ஸி., அதுதான் ஹீட்டர்.

கொசுறாக நான்காவது பொய். ஈராக்குக்கும் அதே வீடு என்றானே! 2004-ல் பெரும் சண்டை நடந்த ஃபலூஜாவில் வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட்டும் சுட்ட செங்கல்லும். நம் பக்கத்துத் தெரு மாதிரி. ஒருவேளை அதனால்தான் மேஜைக்கு வரவில்லையோ என்னவோ. பக்கத்துத் தெரு மாதிரி இருந்தால் பகடை உருட்டக் கை வராது.

*

‘டேய், இது பொம்மைடா. இதுக்குப் போய்...’ என்றான் நண்பன். நீங்களும் அதையே சொல்லத் தயாராகிவிட்டீர்கள் என்று தெரியும்.

பொம்மைதான். ஆனால் பெரியவர்கள் கட்டிய பொம்மை ஊர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் என்று அமெரிக்க ராணுவத்தின் பயிற்சித் தளம். ஈராக் போர்க் காலத்தில் அங்கே ‘மெதினா வஸ்ல்’ என்று ஒரு போலி ஈராக்கிய ஊரைக் கட்டினார்கள். போருக்குப் புறப்படும் சிப்பாய்கள் முதலில் அங்கே பழகிவிட்டுப் போக வேண்டும். அந்த ஊரில் ராணுவம் என்ன செய்தது தெரியுமா? அரபி பேசும் ஈராக்கிய அமெரிக்கர்களைச் சம்பளம் கொடுத்துக் குடிவைத்தது. ஊர்ப் பெரியவராக, போலீஸ்காரராக, கடைக்காரராக அவர்கள் நடித்தார்கள். ஆள் இல்லாத ஊரில் பழகினால் ஆள் இருக்கும் ஊரில் தப்பு நடக்கும் என்று ராணுவத்துக்கே புரிந்திருக்கிறது.

நிஜமாகச் சுடப் போகிறவனின் ஒத்திகையில் ஊர்க்காரன் இருக்கிறான். சும்மா விளையாடுகிறவனின் மேஜையில் பெரும்பாலும் இல்லை. இதை எங்கே போய்ச் சொல்ல?

‘சில ரூல் புக்ல பொதுமக்களும் உண்டு’ என்றான் நண்பன். உண்டுதான், மறுக்கவில்லை. பெரும்பாலும் வழியை அடைக்கும் கூட்டமாக வருவார்கள். தங்கள் வீட்டில் இருக்கிறவர்களாக வருவது அபூர்வம்.

நிஜ மண் வீடுகளைப் போர் தேடிப் போன கதைகள் வேண்டுமா? 1805. ராஜஸ்தானத்து பரத்பூர். லார்ட் லேக்கின் கம்பெனிப் படை அங்கிருந்த கோட்டையின் மண் அரண்களை நான்கு முறை தாக்கியது. நான்கு முறையும் தோற்றது. மூவாயிரம் பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் போனார்கள். கல் சுவராக இருந்தால் குண்டு பட்டுச் சிதறும். மண் குண்டையே விழுங்கிவிடும்.

1847. முன்பு சொன்ன அதே தாவோஸ். தங்கள் மண்ணை அமெரிக்கா பிடித்ததை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் மண்ணால் கட்டிய சர்ச்சுக்குள் ஒதுங்கினார்கள். பீரங்கியால் சுவர் விழவில்லை. சிப்பாய்கள் கோடரியால் சுவரைக் கொத்தித் துளை போட்டு, அதன் வழியாக வெடிகுண்டுகளை உள்ளே போட்டார்கள். அந்தச் சண்டையில் பியூப்ளோ தரப்பில் சுமார் 150 பேர் இறந்தார்கள். மணிக்கூண்டின் இடிபாடு இன்றும் அங்கே நிற்கிறது. சுற்றிலும் கல்லறைகள்.

2010 அக்டோபர். காந்தஹார் மாகாணம், மாதுளைக்குப் பெயர்போன அர்கந்தாப் பள்ளத்தாக்கு. தரோக் கலாச்சே என்ற மண் வீட்டுக் கிராமம். தாலிபான்கள் ஊரை விரட்டிவிட்டு வீடு வீடாக வெடி புதைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீடாக எடுப்பது ஆபத்து என்று அமெரிக்கப் படை முடிவு செய்தது. சுமார் 22 டன் வெடிகுண்டைக் கொட்டி ஊரையே தரைமட்டமாக்கியது. சாதாரண ஜனங்கள் யாரும் சாகவில்லை என்றது ராணுவம். அப்படியே வைத்துக்கொள்வோம். அடுத்த ஜனவரியில் ‘முன்’, ‘பின்’ என்று வானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்கள் வெளிவந்தன. முதல் படத்தில் மதில்கள், முற்றங்கள், தோட்டங்கள். இரண்டாவதில் வெறும் பழுப்பு.

அந்தப் படங்களை இப்போது பார்க்கும்போதெல்லாம் நண்பனின் டைனிங் டேபிள் ஞாபகம் வருகிறது. ஆட்டம் முடிந்ததும் வீடுகளை எடுத்துப் பெட்டியில் போட்டால் மேஜையும் அப்படித்தான் இருக்கும்.

பொம்மையால் குண்டு விழுந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நான்தான் முட்டாள். குண்டு விழுந்த செய்தியைப் படிக்கும்போது நம் மனதில் எந்தப் படம் எழுகிறது என்பதுதான் என் கேள்வி. விரிசல் விட்ட, முற்றம் இல்லாத, அடுப்பு இல்லாத பெட்டி எழுந்தால், ‘சரி, மண் குடிசைதானே’ என்று அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம். அந்தப் பெட்டியைச் சினிமாவும் பொம்மையும் சேர்ந்துதான் நம் மண்டைக்குள் வைத்திருக்கின்றன.

மண் வீடு சொர்க்கம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2003 டிசம்பர் 26-ம் தேதி ஈரானில் பாம் நகரம் குலுங்கியபோது மண் வீடுகள் இடிந்து, ஆட்கள் மேலேயே விழுந்தன. 26 ஆயிரம் பேருக்கு மேல் பலி. மண்ணுக்குக் குறையும் உண்டு. அந்தக் குறையைப் பேசக்கூட அது ஒருவருடைய வீடு என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் இல்லையா?

*

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய் என்று நண்பன் கேட்டான். பெட்டி வாங்காதே, நீயே கட்டு என்றேன்.

ஒன்றும் கஷ்டமில்லை. கெட்டித் தெர்மோகோல் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் எடுங்கள். நிஜச் சுவரின் கணக்குக்குச் சரியாக வரும். அடி அகலமாகவும் மேலே கொஞ்சம் குறுகியும் இருக்கட்டும். மூலைகளைத் தேய்த்து மழுக்குங்கள், மண் சுவரில் கத்தி முனை கிடையாது. ஃபெவிகாலில் சலித்த மணலும் சுவர்ப் பட்டியும் கலந்து விரலாலேயே பூசுங்கள். கை பூசின தடம் தெரியட்டும், நிஜத்திலும் அப்படித்தான் தெரியும். உத்தரத்துக்குக் கபாப் செருகும் மூங்கில் குச்சி, கதவுக்கு ஐஸ்க்ரீம் குச்சி. மாடித் தண்ணீர் சுவரில் வழியாமல் இருக்க ஒரு தூம்பு வையுங்கள். காய்ந்ததும் கரும்பழுப்பு அடித்து, மேலே வெளிர் நிறத்தை உலர்ந்த பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் வெயில் வந்துவிடும்.

ஆனால் கட்டுவதற்கு முன்னால் எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள். சூடான் என்றால் சூடான். தாவோஸ் என்றால் தாவோஸ். அந்த ஊரின் பழைய போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். பட்டன் எண்ண முடிந்த கண்ணுக்கு முற்றம் தெரியாமல் போகாது. முற்றத்தில் ஒரு அடுப்பு வையுங்கள். கொடியில் துணி காயட்டும். சுவரைப் புதிதாகப் பூசியது மாதிரி முழுசாக விடுங்கள். வேண்டுமானால் கீழே ஓரத்தில் மட்டும் மழைத் தண்ணீர் அரித்த தடம் போதும்.

அப்புறம் ஒரு விதி. இது காமர்ஸ்காரன் விதி. ஆட்டத்தின் முடிவில் இரண்டு தரப்புக்கும் பாயிண்ட் போடுகிறீர்கள். எத்தனை சிப்பாய் போச்சு, எந்த மேடு யார் கையில் என்று எல்லாம் எழுதுகிறீர்கள். இடிந்த வீட்டை யார் கணக்கில் எழுதினீர்கள்? ஒருவர் கணக்கிலும் இல்லை. நஷ்டம் நடந்திருக்கிறது, பேரேட்டில் பதிவு இல்லை. எந்த ஆடிட்டரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். இடித்தவன் கணக்கில் எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு இத்தனை பாயிண்ட் என்று கழியுங்கள். ஜெயித்தவன் எத்தனை தடவை நஷ்டத்தில் முடிகிறான் என்று பாருங்கள்.

நண்பன் ஆடிட்டர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். பதில் சொல்லவில்லை. வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பேப்பரில் சுற்றி, சூட்கேஸில் வைத்தான். கடைசி வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

‘இதுல அடுப்பு எங்கடா வைக்கிறது? முற்றமே இல்லையே.’

‘அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன்’ என்றேன்.